தும்பி வயிற்றில் சிவப்பு மணிகள்

வீட்டின் கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஒரு முகம் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்து நின்றது. அந்த முகத்திலும் வரவேற்பு இல்லை.

“செருப்பை வெளியே விடுங்க. அனுதாபத்தையும் அங்கயே விட்டுட்டு வாங்க,” என்றாள் கதவுக்குப் பின்னால் நின்ற பெண்.

“செருப்பு புதுசு மேடம். அனுதாபம் பழசுதான், யாராவது எடுத்துட்டுப் போனாப் பரவாயில்ல,” என்றான் வாய்தா.

வீட்டில் அவனுக்கு இட்ட பெயர் வேறு. ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தபோது, எந்த வேலையைச் சொன்னாலும் ‘இன்னொரு நாள் பாத்துக்கலாம்’ என்று தள்ளிவைத்த புகழால் வந்த பெயர் இது. அவனுக்கு முன்னால் உள்ளே நுழைந்தவர் அவனுடைய அண்ணன் மனைவி. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை ஆராய்ந்து மெய்யையும் பொய்யையும் பிரித்துப் பழகியவர். கணவர் மறைந்தபின் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் தொடங்கியவர். கொழுந்தன் ஊரறிய ‘அண்ணி, அண்ணி’ என்று அழைத்து அழைத்து, இப்போது காவலர்களுக்கும் திருடர்களுக்கும்கூட அவர் அண்ணியாகவே ஆகிவிட்டார்.

“நேராச் சொல்லிடறேன்,” என்றாள் அந்தப் பெண், உட்காரச் சொல்லாமலே. “எங்கப்பா தற்கொலை பண்ணிக்கிட்டாரா, இல்லையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். பண்ணிக்கிட்டார்னா அப்படியே சொல்லுங்க. பூசி மெழுக வேண்டாம். ஆறுதல் சொல்ல சொந்தக்காரங்க வரிசையில நிக்கறாங்க.”

“மெழுகற பழக்கம் எனக்கு இல்ல,” என்றார் அண்ணி.

அந்த நகரத்துக் குடிநீர் ஆய்வகத்தில் பூச்சிக்காரர் என்றால் அவளுடைய தந்தைதான். நதியின் கற்களைப் புரட்டியும் கரையோரத்து நாணல்களை விலக்கியும் நீர்ப்பூச்சிகளைச் சேகரிப்பார். அவற்றைக் கொண்டு நதியின் உடல்நலம் சொல்லுவார். சாயப்பட்டறையைத் தாண்டிய கீழ்ப்பகுதியில் நதி செத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் பலமுறை சொன்ன முடிவு. ஆய்வகத்தின் ஆண்டுச் சான்றிதழோ நல்ல தண்ணீர் என்றே வெளிவந்தது. சென்ற வாரம் ஒரு காலையில், நடைபாலத்துக்குக் கீழே பாறைமேல் அவர் உடல் கிடந்தது. அதே நாளில் ஆய்வகத் தலைவர் ஒரு கண்ணாடி மூடிப் பெட்டியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். பூச்சிக்காரரே சேகரித்த ஊசித்தும்பிகள் அதில் இருந்தன. பட்டறைக்குக் கீழே பிடித்தவை. அந்தத் தும்பிகளோ, நதி நலமாக இருக்கிறது என்று சாட்சி சொல்லின. இத்தனை காலம் சொன்னது பொய்யாகிவிட்ட வெட்கத்தில் மனிதர் குதித்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். இன்று பிற்பகல் அந்த முடிவில் கையெழுத்திட்டுக் கோப்பை மூடப்போகிறார்.

“தும்பி எப்படி சாட்சி சொல்லும்?” என்று கேட்டார் அண்ணி.

அவள் விருப்பமில்லாமல் கட்டிலுக்கடியில் குனிந்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிறு கண்ணாடிச் சட்டத்தை இழுத்தாள். உள்ளே ஓர் ஊசித்தும்பி மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றில் சிவப்பு மணிகள் கோத்தாற்போல ஒட்டியிருந்தன.

“தட்டான் நகை போட்டிருக்கு அண்ணி,” என்றான் வாய்தா.

“நகை இல்ல. உயிர். நீருண்ணின்னு பேரு,” என்றாள் அவள். “தட்டானோட குஞ்சு தண்ணிக்குள்ள இருக்கும்போதே இது அதுமேல ஏறிக்கும். தட்டான் தோலுரிச்சு ரெக்கையோட வெளிய வரும்போது புது உடம்புக்கு மாறி, வயித்தைத் துளைச்சு சாறு குடிக்கும். தண்ணி கெட்டா முதல்ல காணாமப் போறது இதுதான்னு அப்பா சொல்லுவார். விருந்தாளி கிளம்பிட்டான்னா, வீட்டுக்காரனுக்கும் நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தமாம்.”

“அப்போ பெட்டியில இருக்கிற தட்டான்கள் வயித்துல மணி இருக்கு. அதனால தண்ணி நல்ல தண்ணி. அதுதானே அந்த சாட்சி?”

“அதுதான்.”

அண்ணி தம் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த மணிகளின்மேல் வைத்தார். உதடுகள் மெல்ல அசைய எதையோ எண்ணினார். பிறகு, ஆணியில் தொங்கிய தோள்பையைப் பார்த்தார். உடலோடு கிடைத்து, காவல்துறை திருப்பிக் கொடுத்த பை அது. உள்ளே ஒரு பெட்டியின் அளவுக்குத் தனி அறை தைத்து, பொத்தானும் வைத்திருந்தது.

“அவரே தெச்சது,” என்றாள் மகள். “பெட்டியை யார் கையிலயும் குடுக்கமாட்டார். என்கிட்டகூட.”

“ஆனா தலைவர் கையில குடுத்திருக்காரே.”

“குடுத்தார்னு தலைவர் சொல்றார்.”

“அப்பாகிட்ட நீங்க கடைசியா எப்போ பேசினீங்க?”

பாதி திறந்திருந்த அந்த முகம் இப்போது முழுதாகச் சாத்திக்கொண்டது.

“அது என் சொந்த விஷயம். நீங்க கேட்டதுக்கு மேலயே சொல்லியாச்சு.”

“சரி. பிற்பகல்ல ஆய்வகத்துக்கு வாங்க. இந்தச் சட்டத்தையும் எடுத்துட்டு வாங்க.”

“இது என் கண்ணுல படக்கூடாதுன்னுதான் கட்டிலுக்கு அடியில போட்டேன்.”

“கண்ணை மூடிட்டு எடுத்துட்டு வாங்க,” என்றார் அண்ணி.

தெருவுக்கு வந்ததும் வாய்தா செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டான். “திட்டறவங்க ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுத் திட்டலாம் அண்ணி. வறண்ட திட்டு உடம்புக்கு ஆகாது.”

“அடுத்த இடத்துல ஈரமாவே கிடைக்கும். வா.”

சாயப்பட்டறையின் பின்புறத்தில், கழிவுநீர்க் கால்வாய் நதியில் கலக்கும் இடத்தில் மேலாளர் நின்றிருந்தார். கால்வாய் ஊதாவாக ஓடியது. நதியின் அந்தக் கரையில் கற்கள்கூட ஊதா பூத்திருந்தன. இருவரையும் கண்டதும், சுற்றி நின்ற தொழிலாளிகளை அவர் கையசைத்து அனுப்பினார். பேசப்போவதைப் பிறர் கேட்கவேண்டாம் என்பதற்காக அல்ல. திட்டுவதற்கு இடம் தாராளமாக வேண்டும் என்பதற்காக.

“யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?”

“வாசக்காவல்காரரைக் கேட்டோம். வேண்டாம்னார். அப்புறம் உங்களைக் கேக்கலாம்னு வந்தோம்,” என்றான் வாய்தா.

“அந்தக் கிழவன் செத்தும் என்னை விடமாட்டான் போல. உயிரோட இருந்தப்ப மாசம் தவறாம வந்து கல்லைப் புரட்டிட்டு, என் பொழப்பைக் கெடுக்கப் பாத்தான். போனான், நிம்மதின்னு இருந்தேன். இப்ப நீங்க.”

“அவரோட பெட்டியில யாரோ கை வெச்சிருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்,” என்றார் அண்ணி. “தட்டான் வயித்துல உண்ணி ஒட்டியிருந்தா தண்ணி சுத்தம்னு கணக்கு. நதி நல்லா இருக்குன்னு காட்டினா லாபம் உங்களுக்குத்தான்.”

மேலாளர் சிரித்தார். பற்கள் மட்டும் கலந்துகொண்ட சிரிப்பு அது.

“நல்லாக் கேட்டுக்கோங்க. நதி உயிரோட இருக்குன்னு நான் காட்டணும்னு வெச்சுக்கோங்க. ஒரு கூடை மீன் வாங்கி இங்க விடுவேன். பேப்பர்காரனைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லுவேன். மீன், எல்லாருக்கும் புரியும். தட்டான் வயித்துல பேன் இருந்தா தண்ணி சுத்தம்னு நீங்க சொல்லித்தான் எனக்கே இப்பத் தெரியும். பேன் இருந்தா அழுக்குன்னுல்ல நெனச்சிட்டு இருக்கேன். இப்ப கிளம்பறீங்களா, இல்ல நாயை அவுக்கச் சொல்லவா?”

“நாயை அடுத்த வாய்தாவுக்கு வெச்சுக்கலாம் சார்,” என்று சொல்லியபடியே அவன் நடையைக் கட்டினான்.

வாசலைத் தாண்டியபின் பெருமூச்சு விட்டான். “வீண் அலைச்சல் அண்ணி. ஆள் முரடன், ஆனா பொய் சொல்லலை.”

“வீண் இல்ல. எவ்வளவு நல்ல பதில் குடுத்தார் பாத்தியா? மணி இருந்தாத்தான் தண்ணி சுத்தம்னு தெரிஞ்ச ஒருத்தரால மட்டும்தான் அந்தப் பெட்டியில கை வெக்க முடியும். அது மகளுக்குத் தெரியும். பூச்சிக்காரருக்குத் தெரியும். வேற யார்கிட்ட அவர் அதை விளக்கியிருப்பார்?”

வாய்தா நடப்பதை நிறுத்தினான். “அவரோட ஆராய்ச்சிக்கெல்லாம் மேல கையெழுத்துப் போடற ஆள்கிட்ட.”

“விளக்கிச் சொல்லித்தான் இருப்பார். காதால கேட்டவருக்கும் கண்ணால பாத்தவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கும். அது எங்க இருக்குன்னு பாக்கத்தான் போறோம்.”

ஆய்வகம் மாடியில் இருந்தது. சன்னலோரம் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். நதியின் மேற்பகுதியிலிருந்து கொண்டுவந்த நீர் அவற்றில் தெளிந்திருந்தது. ஒரு ஜாடியில் சிவப்புப் புள்ளிகள் சில, எதையோ தேடுவனபோல் சுறுசுறுப்பாக நீந்தின. நடுமேசையில் கோப்பு திறந்திருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்தபடி இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆய்வகத் தலைவர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளை மேலங்கியில் இருந்தார். மகள் கதவருகே சட்டத்தை மார்போடு அணைத்து நின்றாள். யாரும் அவளுக்கு நாற்காலி காட்டவில்லை.

“என்ன அண்ணி, சாவுக்கு சாவு வந்துடறீங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “காப்பீட்டுக்காரங்க புத்தி போகுமா? சீக்கிரம் கேளுங்க. எனக்கு வேற வேலை இருக்கு.”

அண்ணி தலைவரைப் பார்த்தார். “இந்தப் பெட்டி உங்ககிட்ட எப்போ வந்தது சார்?”

“அவர் உடம்பு கிடைச்சதுக்கு முந்தின நாள் காலையில. இதே மேசையில வெச்சார். ‘நான் நெனச்சது தப்பாப் போச்சு, மணி எல்லாம் திரும்பி வந்திருக்கு’ன்னார். முகம் வாடியிருந்தது. அன்னிக்கே நான் புரிஞ்சுக்கிட்டிருக்கணும்.” தலைவரின் குரலில் துக்கம் சரியான அளவில் இருந்தது.

“இந்த உண்ணிகள் உங்களுக்குப் பழக்கமா?”

“வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து. அதோ, அந்த ஜாடியிலயே நீந்துது பாருங்க. நல்ல தண்ணின்னா இது இருக்கும். நீங்க இன்னிக்குத்தான் கேள்விப்படறீங்க போல.”

“ஆமா. அதனால ஒரு சின்னக் கேள்வி. பெட்டியைக் குடுத்தப்போ, இது நீருண்ணிதான்னு அவர் எப்படிக் காட்டினார்?”

“வேற எப்படி? நுண்நோக்கியில வெச்சு, காலை எண்ணிக் காட்டினார்.”

“நீங்களும் எண்ணினீங்களா?”

“எண்ணாம? எட்டு. உண்ணிக்கும் சிலந்திக்கும் எட்டுக் கால்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கே தெரியும் அம்மா.”

“இன்ஸ்பெக்டர் சார், நீங்களும் கொஞ்சம் பாருங்களேன்.”

இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டே எழுந்து, பெட்டியிலிருந்த ஒரு தும்பியை நுண்நோக்கிக்கு அடியில் வைக்கச் சொல்லிக் குனிந்தார். “எட்டுதான். அவர் சொன்னது சரியா இருக்கு. அப்புறம் என்ன?”

“அந்தச் சட்டத்தை எடுத்துட்டு வாங்கம்மா.”

மகள் வந்து சட்டத்தை மேசைமேல் வைத்துவிட்டு உடனே விலகிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் மறுபடி குனிந்தார். இம்முறை அதிக நேரம் குனிந்திருந்தார். விரலை மடக்கி எண்ணினார்.

“இதுல ஆறுதான் இருக்கு.”

“ரெண்டு கால் உதிர்ந்திருக்கும். பழசு,” என்றார் தலைவர்.

“எல்லா மணியிலயுமா? ஒரே மாதிரியா?” அண்ணி மகள் பக்கம் திரும்பினார். “இதோட காலைப் பத்தி அப்பா ஏதாவது சொல்லியிருக்காரா?”

அவள் சுவரைப் பார்த்தபடி பேசினாள். “சின்ன வயசுல தூங்கறதுக்கு முன்னாடி கதையாச் சொல்லுவார். உண்ணிக் குழந்தைக்கு ஆறு கால்தான். நடக்கத் தெரியாம, தட்டான் தோள்ல ஏறி ஊர் சுத்தும். தட்டான் முட்டையிடத் திரும்பவும் தண்ணிக்கு வரும்போது குழந்தை கீழ குதிச்சிடும். தண்ணிக்குள்ள வளரும். அப்புறம்தான் மிச்சம் ரெண்டு கால் முளைக்கும். எட்டுக் கால் வந்துட்டா அது தட்டான் மேல ஏறவே ஏறாது. சொந்தமா வேட்டையாடிச் சாப்பிடும்.”

குயில் வேடமிட்ட காகம் ஒன்று பாட்டில் அகப்படவில்லை. குயில் கட்டாத கூட்டை அக்கறையாகக் கட்டியதில் அகப்பட்டுக்கொண்டதாம். சரியாகச் செய்ததே அதற்குப் பிழையாயிற்று.

“தட்டான் வயித்துல எட்டுக் கால் உண்ணி உக்காராது,” என்றார் அண்ணி. “பெட்டியும் தட்டான்களும் பூச்சிக்காரரோடதுதான். அதுல மணியே இல்ல. தண்ணி செத்துப் போச்சுன்னு காட்ட அவர் சேர்த்து வெச்ச அத்தாட்சி அது. தண்ணி ஜாடியில மட்டுமே உண்ணியைப் பாத்துப் பழகின யாரோ, வளர்ந்த உண்ணிகளைப் பிடிச்சு ஒட்டியிருக்காங்க.”

“பசை போட்டு. கல்யாணப் பத்திரிகையில மணி ஒட்டற மாதிரி,” என்றான் வாய்தா.

தலைவர் பதறவில்லை. மேலங்கியின் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். “சரி, ஒட்டினதுன்னே வெச்சுப்போம். ஒட்டினவர் அவரேதான். கால் கணக்கு தெரிஞ்சவர்தானேன்னு கேப்பீங்க. மனசு கலங்கின மனுஷன் காலை எண்ணிட்டு இருப்பானா? ஏதோ நிர்ப்பந்தத்துல பொய் அத்தாட்சி பண்ணினார், வெட்கம் தாங்கலை, குதிச்சுட்டார். இன்ஸ்பெக்டர் எழுதின முடிவு அப்படியேதானே நிக்குது?”

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். “நிக்குது. அண்ணி, காலை எண்ணினதுக்கு ரொம்ப நன்றி. தள்ளுங்க.” பேனா கோப்பை நோக்கி இறங்கியது.

வாய்தா அண்ணியைப் பார்த்தான். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு வேலை தள்ளிப்போகவேண்டுமே என்று உண்மையாகவே தவித்தான். அண்ணியிடம் அடுத்த கேள்வி இல்லை என்பதை அவர் கைகள் காட்டின. பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இருங்க.”

மகளின் குரல் அது. வீட்டில் கேட்ட கூர்மை அதில் இல்லை.

“அன்னிக்கு சாயங்காலம் அப்பா எனக்குப் போன் பண்ணினார். பாலத்துல உக்காந்திருக்கேன்னார். பெட்டியைத் திறந்து மடியில வெச்சிருக்கேன், ஒரு தட்டான் வயித்துலகூட மணி இல்ல, நாளைக்கு இதை மேலிடத்துல குடுக்கப்போறேன்னார்.”

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. “இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லலை?”

“சொன்னா மிச்சத்தையும் சொல்லணும்.” அவள் சட்டத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். “எனக்கு வேலை போச்சு. புருஷன் வீடும் போச்சு. அப்பா வீட்டுக்குத்தான் திரும்பி வந்தேன். அன்னிக்குப் போன்ல அந்தக் கதையைத் திருப்பி எடுத்தார். எட்டுக் கால் முளைச்சப்புறமும் தோள்லேர்ந்து இறங்கலைன்னா, சுமக்கறவன்தான் முட்டாள், நாளைக்கு இறக்கி விட்டுடப் போறேன்னார். என்னைத்தான் சொல்றார்னு கத்தினேன். ‘நானே இறங்கிக்கறேன், நீங்க நிம்மதியா இருங்க’ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன். மறுநாள் காலையில உங்க ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்தது. அவர் குதிச்சிருந்தா, தள்ளினது நான்.”

ஜாடியில் சிவப்புப் புள்ளிகள் நீந்திக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். அவள் கைபேசியைக் கொடுத்தாள். அழைப்பு வந்த நாளும் மாலை நேரமும் அதில் பதிவாகியிருந்தன.

“துக்கத்துல பேசறாங்க,” என்றார் தலைவர். “பொண்ணுங்களுக்கு இந்த மாதிரி நேரத்துல...”

“துக்கம் அவங்களுக்கு. போனுக்கு இல்லையே,” என்றார் அண்ணி. அவர் கை துடைப்பதை நிறுத்தியிருந்தது. “காலையிலயே உங்க மேசைக்கு வந்த பெட்டி, சாயங்காலம் பாலத்துல அவர் மடியில எப்படி சார் இருந்தது? மக கையிலகூடக் குடுக்காத பெட்டி அது. பையில அதுக்குன்னு தனி அறை தெச்சு, பொத்தானும் போட்டு வெச்சிருந்தார். சாயங்காலத்துக்கு அப்புறம் அது உங்க கைக்கு வரணும்னா, நீங்க அந்தப் பாலத்துக்குப் போயிருக்கணும்.”

தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழவில்லை.

“இன்னொண்ணு,” என்று அண்ணி மகளிடம் திரும்பினார். “உங்கப்பா ஆராய்ச்சி எல்லாத்துலயும் முதல் பேர் யார் பேரு?”

அவள் மெதுவாகத் தலைவரைப் பார்த்தாள். “இவர் பேருதான். அப்பா பேர் கீழ இருக்கும்.”

“அப்பா எழுதினது, இவர் பேர்ல பெருமை. கீழ்ப்பகுதித் தண்ணி நல்ல தண்ணின்னு வருஷாவருஷம் இவர் கையெழுத்து. அது பொய்னு தெரிஞ்சும் உங்கப்பா இத்தனை நாளா இவரைச் சுமந்துட்டு இருந்தார். நாளைக்கு மேலிடத்துல பெட்டியைக் குடுத்தா யார் கீழ இறங்குவா? நீங்களா?”

வெள்ளை மேலங்கியின் மடிப்பு கலைந்தது. “நான் தள்ளலை,” என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல். “பெட்டியைத்தான் பிடிச்சு இழுத்தேன். விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அந்த ஆள் விடலை.”

இன்ஸ்பெக்டர் பேனாவுக்கு மூடி போட்டார். எழுதியிருந்த தாளைக் கோப்பிலிருந்து உருவி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அண்ணியிடம் அவர் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தலைவரின் தோளில் கை வைத்தார்.

“எழுந்திரிங்க சார். படி இறங்கலாம்.”

காலடியோசை படிக்கட்டில் தேய்ந்து மறைந்தபின், அவள் காலியான அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சன்னலோரம் தரையில் அமர்ந்து, கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னை இறங்கச் சொல்லலைன்னு நீங்க சொன்னது,” என்றாள், நிமிராமல். “உண்மையா? இல்ல ஆறுதலா?”

“உண்மை,” என்றார் அண்ணி. “ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அதுக்குத்தான் கொழுந்தனைக் கூட்டிட்டு அலையறேன்.”

வாய்தா போய்க் குடிநீர்க் குழாயடியில் ஒரு குவளையை நிறைத்துக் கொண்டுவந்து அவளருகே வைத்தான்.

அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது நதியோட எந்தப் பகுதித் தண்ணி?” என்று கேட்டாள்.

மூவருமே அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் குடிக்கவில்லை.